கவுன்சலர் அறை திறந்திருக்கு, ஆபீஸ் ஃபைல் நகரலையே: பல்கலைக்கழகங்களில் மாணவர் உதவி எங்கே சிக்குகிறது?

17,500 ரூபாய். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர், ஐஐடி தன்பாத்தில் தனக்குக் கிடைத்த இடத்தை உறுதிசெய்யக் கட்ட வேண்டியிருந்த தொகை அவ்வளவுதான். கடைசி நாள் 2024 ஜூன் 24, மாலை 5 மணி. அப்பா தினக்கூலித் தொழிலாளி. பணத்தைத் திரட்டி முடிக்கும்போது நேரம் நெருங்கிவிட்டது. ஆன்லைனில் கட்டி முடிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. இடம் போய்விட்டது.

அதன் பிறகு அந்தக் குடும்பம் ஏறாத படி இல்லை. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம், ஜார்க்கண்டின் சட்டப் பணிகள் ஆணையம், அந்த ஆண்டு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம், கடைசியில் உச்ச நீதிமன்றம். 2024 செப்டம்பர் 30 அன்று அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசியலமைப்புச் சட்டத்தின் 142வது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. இடைப்பட்ட நாட்கள் 98.

இத்தனைக்கும் இதில் பெரிய சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஃபீஸ் கட்டுவதில் ஏற்பட்ட ஒரு தாமதம். "கொஞ்சம் பொறுங்க, பார்க்கலாம்" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் ஆரம்பத்திலேயே இருந்திருந்தால், ஜூன் 25ஆம் தேதியே முடிந்திருக்கக்கூடிய விஷயம்.

நம் ஊரில் "மாணவர் நலன்" என்று பேச ஆரம்பித்தாலே பேச்சு நேராக கவுன்சலிங், மன அழுத்தம், யோகா என்று போய்விடுகிறது. அவை தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாணவரின் அன்றாட வாழ்க்கையை நெருக்குவது பெரும்பாலும் ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், மார்க் ஷீட், கைடின் கையெழுத்து மாதிரியான விஷயங்கள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் புரிந்துகொண்டால்தான், கடந்த சில ஆண்டுகளாக நீதிமன்றங்களும் யுஜிசியும் போட்டுவரும் உத்தரவுகள் எங்கே வேலை செய்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பது தெரியும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். 2021இல் 13,089 பேர். இது பள்ளி, கல்லூரி, கோச்சிங் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை. நாளொன்றுக்கு சராசரியாக 35 பேருக்கும் மேல்.

இந்தப் பின்னணியில் 2025இல் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான தீர்ப்புகளைத் தந்தது. முதலாவது, மார்ச் 24 அன்று. டெல்லி ஐஐடியில் 2023இல் இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு எஃப்ஐஆர் பதிவுசெய்யச் சொன்னது. கூடவே, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்தது. எந்தக் கல்லூரிக்குள்ளும் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு.

இரண்டாவது, ஜூலை 25 அன்று. விசாகப்பட்டினத்தில் நீட் கோச்சிங்கில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நாடாளுமன்றமோ மாநிலங்களோ தனிச் சட்டம் கொண்டுவரும்வரை இவை பள்ளி, கல்லூரி, கோச்சிங் மையம், ஹாஸ்டல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். எதை எல்லாம் காரணமாக ஆராய வேண்டும் என்று பணிக்குழுவுக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலில் ராகிங், சாதிப் பாகுபாடு, பாலினப் பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல், படிப்புச் சுமை, பணச் சுமை, மாற்றுத்திறனாளிகள் மீதான பாகுபாடு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதே பிரச்னையைக் கையில் எடுக்கும் கல்லூரிகள் முதலில் செய்வது, ஒரு அறைக்கு வெளியே "கவுன்சலிங் சென்டர்" என்று போர்டு மாட்டுவது. பிரச்னைகளின் பட்டியல் நீளம். தீர்வோ ஒரே ஒரு அறை.

ஒரு கவுன்சலர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் தகுதியுள்ள கவுன்சலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்கிறது ஜூலை தீர்ப்பு. சிறிய நிறுவனங்கள் வெளியில் உள்ள நிபுணர்களோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம். எத்தனை மாணவர்களுக்கு ஒரு கவுன்சலர் என்ற விகிதம் "உகந்ததாக" இருக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அந்த விகிதம் என்ன என்று எண் எதுவும் தரவில்லை.

ஒரு சின்ன கணக்குப் போடலாம். 5,000 பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் ஒரே ஒரு கவுன்சலர். ஒரு நாளைக்கு 6 பேரை நிதானமாகப் பார்க்கிறார், வாரத்துக்கு 5 நாள். அப்படியென்றால் வாரத்துக்கு 30 பேர். ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை பார்த்து முடிக்கவே 166 வாரங்களுக்கு மேல் ஆகும். அதாவது மூன்று ஆண்டுகளைத் தாண்டும். அதற்குள் டிகிரியே முடிந்துவிடும். எல்லா மாணவர்களுக்கும் கவுன்சலிங் தேவைப்படாது என்பது உண்மைதான். ஆனாலும் "எங்க காலேஜ்ல கவுன்சலர் இருக்கார்" என்ற ஒற்றை வரி எவ்வளவு குறைவான தகவல் என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

எண்ணிக்கை போலவே நம்பிக்கையும் ஒரு பிரச்னை. கவுன்சலருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். "நான் சொல்றது எச்ஓடி காதுக்குப் போயிடுமா? வீட்டுக்கு போன் பண்ணிடுவாங்களா?" என்று ஒரு மாணவர் யோசிப்பது இயல்பு. மனநல சிகிச்சை தொடர்பான தகவல்களின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஓர் உரிமையாகவே தருகிறது. ஆனால் முதல் செமஸ்டரிலேயே இதை மாணவர்களிடம் எடுத்துச் சொல்லும் கல்லூரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது, மொழி. வட இந்தியாவில் படிக்கும் தமிழ் மாணவருக்கு ஹாஸ்டல் ஆபீஸ், மெஸ், செக்யூரிட்டி எல்லாம் இந்தியில்தான் ஓடும். பாடத்தை ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம். மனசு சரியில்லை என்பதை இன்னொரு மொழியில் சொல்வது வேறு கஷ்டம். பிற மாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து படிக்கும் மாணவர்களுக்கும் இதே நிலைதான்.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். ஒருவர் மூன்று நாளாக மெஸ்ஸுக்கு வரவில்லை, ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது என்பதெல்லாம் கவுன்சலருக்குத் தெரியவே தெரியாது. ரூம்மேட், மெஸ் ஊழியர், வார்டன்தான் முதலில் கவனிப்பவர்கள். அதனால்தான் ஆசிரியர்கள் மட்டுமல்ல, ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்று ஜூலை தீர்ப்பு சொல்கிறது. போர்டு மாட்டுவதைவிட இதுதான் கடினமான வேலை.

பணம் எப்போ வரும்?

மாணவர்களின் அன்றாடத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. 2020 டிசம்பரில் மாற்றியமைக்கப்பட்ட பிறகு, பெரும்பாலான மாநிலங்களில் செலவில் 60% மத்திய அரசு, 40% மாநில அரசு. மாநிலம் தன் பங்கை முதலில் போட வேண்டும். அதற்குப் பிறகே மத்திய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் வருமானச் சான்றிதழ், ஆதார் இணைப்பு, கல்லூரியின் சரிபார்ப்பு, மாவட்ட அளவிலான சரிபார்ப்பு. இதில் ஏதாவது ஒரு இடத்தில் ஃபைல் நின்றால் மொத்தமும் நின்றுவிடும்.

ஆனால் காலேஜ் ஃபீஸுக்கான கடைசித் தேதி நிற்காது. ஸ்காலர்ஷிப் வருவது அரசின் கையில், ஃபீஸ் கேட்பது கல்லூரி, நடுவில் நிற்பது மாணவர். ஹால் டிக்கெட் தர மறுப்பதும் சான்றிதழைப் பிடித்துவைப்பதும் நடக்கும் இடம் இதுதான். இதற்கு ஒரு வழியும் அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. "ஃப்ரீஷிப் கார்டு" வைத்திருக்கும் மாணவரிடம் முன்கூட்டியே கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளலாம், உதவித்தொகை வந்ததும் கட்டினால் போதும். ஆனால் அப்படி ஒரு கார்டு இருப்பதை அட்மிஷன் கவுன்ட்டரில் யாராவது எடுத்துச் சொன்னால்தானே உண்டு?

ஆராய்ச்சி மாணவர்களின் கதை வேறு மாதிரி. ஜேஆர்எஃப் தேர்வானவர்களுக்கு மாதம் 31,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்ந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் பிஎச்டி செய்பவர்களுக்கு யுஜிசி தரும் தொகையோ மாதம் 8,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அது மாறவில்லை. ஒரே லேப், ஒரே கைடு, ஒரே மெஸ். வருமானத்தில் மட்டும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். பணம் தாமதமானால் யாருக்கு முதலில் வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இறந்த ரோஹித் வேமுலாவின் கடைசிக் கடிதத்திலும், ஏழு மாத ஃபெலோஷிப் பாக்கி வர வேண்டியிருந்தது பற்றிய குறிப்பு இருந்தது. அவர் மரணத்தை அந்த ஒரு காரணத்துக்குள் சுருக்க முடியாது. சாதியும் சஸ்பென்ஷனும் அதன் மையத்தில் இருந்தன. ஆனால் பாகுபாடு எப்படி நடக்கிறது என்பதற்கு அந்த ஏழு மாதமும் ஒரு சாட்சி. திட்டினால்தான், அடித்தால்தான் பாகுபாடு என்று இல்லை. வர வேண்டிய பணம் வராமல் இருப்பதும், யாரும் பதில் சொல்லாமல் இருப்பதும் அதே பட்டியலில் சேரும்.

தங்குவதற்கு என்ன செலவாகிறது?

2019 அக்டோபரில் டெல்லி ஜேஎன்யு ஹாஸ்டல் கட்டணத்தை உயர்த்த முடிவெடுத்தபோது, "மாசம் 20 ரூபாய் வாடகையை ஏத்துனதுக்கா போராட்டம்?" என்று வெளியில் பலர் கேலி செய்தார்கள். ஒருவர் தங்கும் அறைக்கு 20 ரூபாயிலிருந்து 600, இருவர் தங்கும் அறையில் ஆளுக்கு 10 ரூபாயிலிருந்து 300 என்பதுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. ஆனால் புதிதாகச் சேர்க்கப்பட்ட மாதம் 1,700 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்தான் உண்மையான சுமை. போராட்டத்துக்குப் பிறகு நிர்வாகம் உயர்வின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. சொந்த ஊரில் மாதம் பத்தாயிரம் ரூபாயில் ஓடும் ஒரு குடும்பத்துக்கு, கூடுதலாக இரண்டாயிரம் என்பது படிப்பைத் தொடர்வதா விடுவதா என்ற கேள்வி.

ஹாஸ்டல் கிடைத்தவர்கள் நிலை இது. கிடைக்காதவர்கள் பி.ஜி.யைத் தேடிப் போகிறார்கள். கல்வி நிறுவனத்துக்கு வெளியே உள்ள விடுதிகளுக்கு, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. வரி போனது நல்லதுதான். ஆனால் பி.ஜி.யில் இருக்கும் மாணவருக்கு வார்டன் இல்லை, மெஸ் கமிட்டி இல்லை, ராத்திரி காய்ச்சல் வந்தால் கேட்க ஆள் இல்லை. கல்லூரியின் உதவி ஏற்பாடுகள் எல்லாம் கேம்பஸ் கேட்டோடு முடிந்துவிடுகின்றன.

புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

சட்டப்படி பார்த்தால் இந்திய மாணவருக்குக் கதவுகள் நிறைய. ராகிங்குக்கு 2009 விதிமுறைகள். பாலியல் துன்புறுத்தலுக்கு 2015 விதிமுறைகள்: சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் தரலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். மற்ற குறைகளுக்கு 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். கூடுதல் கட்டணம், சான்றிதழைப் பிடித்துவைத்தல், ஸ்காலர்ஷிப் தாமதம், ரிசல்ட் தாமதம், பாகுபாடு என அன்றாடப் பிரச்னைகள் பலவும் அதற்குள் வருகின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளில் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் அந்தப் பல்கலைக்கழகத்தோடு நலன் சார்ந்த தொடர்பு இல்லாத ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ, பேராசிரியராகவோ, மாவட்ட நீதிபதியாகவோ இருக்க வேண்டும். அவருக்கு 30 நாள் கெடு. மீறும் நிறுவனத்தின் மானியத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் யுஜிசிக்கு உண்டு.

காகிதத்தில் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. ஆனால் விதிமுறை வந்து 14 மாதம் கழித்து, 2024 ஜூனில், குறைதீர்ப்பாளரையே நியமிக்காத பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி வெளியிட்டது. அதில் இருந்தவை 157. அவற்றில் 108 அரசுப் பல்கலைக்கழகங்கள். 15 நாள், 30 நாள் என்று கெடு எழுதியிருக்கிறது. ஆனால் மனுவை வாங்கிக்கொள்ள நாற்காலியில் ஆள் இல்லை.

நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்களும் அலுவலகப் பணியிடங்களும் காலியாகக் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை இரண்டு மூன்று பேர் பார்க்கும் செக்‌ஷன்களும் உண்டு. அரசிடமிருந்து பணம் வராதபோது ஃபீஸை விட்டுக்கொடுத்தால், அந்த மாதச் சம்பளத்துக்கு எங்கே போவது என்று ஒரு சிறிய கல்லூரி கேட்டால் அதிலும் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் அந்த நெருக்கடி முழுவதையும் 19 வயது மாணவரின் தலையில் இறக்கிவைப்பதுதான் இப்போது நடக்கிறது. தாமதம் அரசினுடையது, அபராதம் மாணவருக்கு. இதை மாற்றப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. மனு வாங்கினால் தேதியுடன் ரசீது தருவது, ஃபைல் யார் மேசையில் இருக்கிறது என்பதை ஆன்லைனில் காட்டுவது, ஸ்காலர்ஷிப் பாக்கி இருக்கும்வரை ஹால் டிக்கெட்டை நிறுத்தாமல் இருப்பது, "இதை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் அதிகாரத்தை ஒரே ஒரு அதிகாரிக்காவது கொடுப்பது. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் சேவை மையம் வேண்டும் என்று யுஜிசியின் 2023 வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் அது வெறும் வழிகாட்டுதல். செய்யாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது படிக்கிறார்களா?

வேலைக்குப் போகும் நம்மில் பலருக்கு ஒரு தம்பியோ தங்கையோ மாமா பையனோ எங்கோ ஒரு ஹாஸ்டலில் இருப்பார். "நல்லா படிக்கிறியா? சாப்பிட்டியா?" என்பதோடு போன் பேச்சு முடிந்துவிடும். கூடவே இன்னும் சில விஷயங்களைக் கேட்டுவைப்பது நல்லது.

ஸ்காலர்ஷிப் வந்துவிட்டதா, வரவில்லை என்றால் எந்த நிலையில் நிற்கிறது என்று கேளுங்கள். எந்தப் பிரச்னையையும் வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில், மெயிலில் கொடுக்கச் சொல்லுங்கள். 15 நாள் கெடு எப்போது ஆரம்பித்தது என்பதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம். கல்லூரியின் இணையதளத்தில் குறைதீர்ப்புக் குழு உறுப்பினர்களின் பெயரும் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரின் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். இல்லையென்றால் அதையே முதல் புகாராகக் கொடுக்கலாம்.

ராகிங் என்றால் 1800-180-5522, 24 மணி நேரமும். மனம் உடைந்த நிலையில் இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இதுவும் 24 மணி நேரச் சேவை, இலவசம். தமிழிலும் பேசலாம், எந்த மாநிலத்தில் இருந்தாலும். இந்த எண்ணை ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் ஜூலை தீர்ப்பில் இருக்கிறது. பேச்சில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் தயங்காமல் நேரடியாகக் கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்விடுங்கள். கேட்பதால் ஆபத்து கூடாது.

அடுத்த அட்மிஷன் சீசனில் உங்களிடம் ஆலோசனை கேட்டு ஒரு குடும்பம் நிச்சயம் வரும். எந்த காலேஜ், எந்த கோர்ஸ், பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று விசாரிப்பார்கள். அதோடு சேர்த்து அந்தக் கல்லூரியிடம் இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: "போன வருஷம் குறைதீர்ப்புக் குழுவுக்கு எத்தனை புகார் வந்துச்சு? அதுல எத்தனை 15 நாளில் முடிஞ்சுது?" புகாரே வரவில்லை என்று பெருமையாகச் சொன்னால், அங்கே மாணவர்களுக்கு அந்தக் குழு இருப்பதே தெரியாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. எண்களைத் தேதியோடு எடுத்துக் காட்டும் கல்லூரியைக் கொஞ்சம் தைரியமாக நம்பலாம்.